ஆங்கிலம் போதும் என்று நான் சொன்னேன்

(பிளஸ் டூ மற்றும் கல்லூரி மாணவர்களின் பெற்றோருக்காக நமது அறக்கட்டளை நடத்திய கல்வி வழிகாட்டல் கூட்டத்தில், ஜெர்மனியில் படித்து அங்கேயே பணிபுரிந்து வரும் நம் ஊர்ச் சகோதரர் ஆற்றிய உரை. விடுமுறையில் ஊர் வந்திருந்தவர், நம் அழைப்பை ஏற்றுப் பேசினார். சிறு திருத்தங்களுடன் வெளியிடுகிறோம்.)





“ஜெர்மனியில் படிப்பு இலவசமாமே, அதைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றுதான் என்னைக் கூப்பிட்டார்கள். அதையும் சொல்கிறேன். ஆனால் முதலில் ஒரு கடனைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. பணக் கடன் இல்லை.

சில வருஷங்களுக்கு முன்பு நம் தெருவைச் சேர்ந்த ஒரு தம்பி எனக்குப் போன் செய்தான். அப்போது அவன் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. “காக்கா, மாஸ்டர்ஸ் பண்ண ஜெர்மனி வரலாம்னு இருக்கேன். ஜெர்மன் பாஷை படிக்கணுமா?” என்று கேட்டான். நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தேன், இறங்க வேண்டிய இடம் வந்துவிட்டது. “கோர்ஸ் இங்கிலீஷ்லதானே? அது போதும்பா. மீதியை இங்க வந்து பார்த்துக்கலாம்” என்று சொல்லிவிட்டு இறங்கினேன். மொத்தம் இரண்டு நிமிஷப் பேச்சு.

அந்தத் தம்பி பட்டம் வாங்காமல் ஊர் திரும்பி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகிறது. நேற்று அவன் வீட்டுக்குப் போய், இதை மேடையில் சொல்லலாமா என்று கேட்டேன். “சொல்லுங்க காக்கா. பேரை மட்டும் சொல்லாதீங்க. ஊருக்கே தெரியும், இருந்தாலும் சொல்லாதீங்க” என்றான். அவன் வாப்பா எனக்கு டீ கொடுத்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் ஏதாவது திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். அவன் சேர்ந்தது அரசுப் பல்கலைக்கழகம். பாடமெல்லாம் ஆங்கிலத்தில்தான். படிப்பில் மோசமில்லை. ஆனால் அங்கே பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு விதி உண்டு. ஒரு பாடத்தை மூன்று முறைதான் எழுதலாம். மூன்றாவது முறையும் தவறினால் அந்தப் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள். பிறகு நாட்டில் வேறு எங்கேயும் அதே படிப்பில் சேருவது கிட்டத்தட்ட முடியாத காரியம். நம் ஊரில் அரியர் வைத்து நாலு வருஷம் கழித்து எழுதுகிற பழக்கத்தோடு போகிற பிள்ளைக்கு இது மனசில் ஏறுவதே இல்லை.

ஒரு பாடத்தில் இரண்டு முறை தவறிவிட்டான். மூன்றாவது தேர்வன்று கடும் காய்ச்சல், எழுந்திருக்க முடியவில்லை. உடம்பு சரியில்லை என்றால் டாக்டர் சான்றிதழ் கொடுத்தால் போதும், அந்த முறை கணக்கில் வராது. அது அவனுக்கும் தெரியும். ஆங்கிலப் பக்கத்தில் “சான்றிதழ் தர வேண்டும்” என்று பொதுவாகப் போட்டிருந்தது. சட்டப்படி செல்லுபடியாகும் தேர்வு விதிமுறை ஜெர்மனில்தான் இருக்கும். அதில் “உன்ஃபெர்ட்சூக்லிஷ்” என்று ஒரு சொல் இருந்தது. தாமதமில்லாமல் என்று அர்த்தம். அங்கே அதற்கு மூன்று நாள் கெடு. இவன் காய்ச்சல் விட்டு, நன்றாகத் தேறி, ஒன்பதாவது நாள் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தான். ஏற்கவில்லை. தவறியதாகக் கணக்கு.

அதோடும் முடிந்துவிடவில்லை. நீக்கிவிட்டதாக வந்த கடிதத்தின் கடைசிப் பத்தியில், ஒரு மாதத்துக்குள் எழுத்து மூலம் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்று இருந்தது. அவன் அதைப் படிக்கவில்லை. முதல் வரியை மொபைலில் மொழிபெயர்த்துப் பார்த்தவன், மீதியைப் பார்க்கத் தெம்பில்லாமல் மடித்து மேசைக்குள் வைத்துவிட்டான். வெட்கம். என்னிடம் எடுத்து வந்தபோது மூன்று மாதம் ஓடியிருந்தது. நான் படித்துக் காட்டினேன். “காக்கா, இது அன்னைக்கே எனக்குத் தெரிஞ்சிருந்தா?” என்று கேட்டான். என்ன பதில் சொல்வது?

வாப்பா கடையில் இருந்த பங்கை விற்றுத்தான் அவனை அனுப்பினார். ஒரே ஒரு ஜெர்மன் சொல்லில் அது போயிற்று என்று சொன்னால் மிகையாகத் தோன்றும். முழுக்க மிகையும் இல்லை.

என் கதையும் பெருமைக்குரியது அல்ல. 2012-ல் நான் போனபோது எனக்குத் தெரிந்த ஜெர்மன் “டாங்கே” என்ற ஒரு வார்த்தை. நன்றி என்று பொருள். போன இரண்டாம் மாதம், பகுதி நேர வேலைக்கு நேர்காணல். “ஹால்ப் த்ரை” மணிக்கு வரச் சொன்னார்கள். ஹால்ப் என்றால் அரை, த்ரை என்றால் மூன்று. நம் கணக்கில் மூன்றரை! நான் மூன்று இருபத்தைந்துக்கே போய், ஐந்து நிமிஷம் முன்னால் வந்துவிட்டோம் என்று திருப்தியாக நின்றேன். அவர்கள் கணக்கில் அது மூன்றை நோக்கிப் போகிற அரை, அதாவது இரண்டரை மணி. ஒரு மணி நேரம் தாமதம். ஜெர்மானியர்களிடம் ஐந்து நிமிஷம் பிந்தினாலே முகம் மாறும். வேலை கிடைக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று சமையலறை. மாணவர் விடுதியில் எட்டுப் பேருக்கு ஒரு அடுப்படி. பக்கத்து அறைப் பையன், நல்ல பையன்தான், என் வாணலியை எடுத்துப் பன்றிக் கொழுப்பை வறுத்துவிட்டான். அவனிடம் விளக்கிச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை, அவனுக்கு ஆங்கிலம் வராது. பேசாமல் புது வாணலி வாங்கினேன். மறுபடியும் அதே. மூன்று வாணலி வாங்கினேன். மாதச் செலவுக்குக் காசை எண்ணி எண்ணிச் செலவழிக்கிற காலம் அது. கடைசியில் நூலகத்தில் உட்கார்ந்து நாலு வாக்கியம் எழுதி, மனப்பாடம் செய்துகொண்டு போய் அவனிடம் சொன்னேன். அவன் முகம் சிவந்துவிட்டது. “முதல் நாளே ஏன் சொல்லவில்லை?” என்று கேட்டுவிட்டு, என் பாத்திரங்களுக்கெல்லாம் சிவப்பு டேப் ஒட்டிக் கொடுத்தான். அடுத்த ரமளானில் இஃப்தாருக்குப் பேரீச்சம்பழம் வாங்கி வந்தவனும் அவன்தான்.

அதனால் நம் பிள்ளைகள் அங்கே முதலில் கற்க வேண்டிய சொற்கள் “வணக்கம்”, “நலமா” அல்ல என்பது என் கருத்து. “ஷ்வைன்” என்றால் பன்றி. “ஷ்பெக்” என்றால் பன்றிக் கொழுப்பிறைச்சி. “ஷ்மால்ட்ஸ்” பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு. சிறுவர் மிட்டாய் பாக்கெட்டில் “கெலாட்டீன்” என்று இருந்தால் அது எதிலிருந்து எடுத்தது என்று பார்க்க வேண்டும். கடையில் பொருளின் பின்பக்கம் எல்லாம் தெளிவாக அச்சிட்டிருக்கும். படிக்கத் தெரிந்தால் ஹலால் பேணுவது அந்த நாட்டில் ஒன்றும் பெரிய கஷ்டம் இல்லை. துருக்கிக் கடைகளும் பெரும்பாலான நகரங்களில் இருக்கின்றன.

துருக்கியர் என்றதும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 1961-ல் ஜெர்மனியும் துருக்கியும் ஒப்பந்தம் போட்டு, தொழிற்சாலை வேலைக்கு ஆட்களை வரவழைத்தார்கள். “விருந்தினர் தொழிலாளி” என்றுதான் அவர்களுக்குப் பெயர். கொஞ்ச காலம் வேலை செய்துவிட்டுத் திரும்பிவிடுவார்கள் என்று அரசாங்கமும் நினைத்தது, அவர்களும் நினைத்தார்கள். ஆகவே மொழி கற்றுக்கொடுக்க யாரும் மெனக்கெடவில்லை, கற்கவும் நேரமில்லை. 1973-ல் ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். வந்தவர்களில் நிறையப் பேர் அங்கேயே தங்கிக் குடும்பத்தையும் வரவழைத்துக்கொண்டார்கள். நான் ஜும்ஆவுக்குப் போகும் பள்ளிவாசலைக் கட்டியது அந்தத் தலைமுறைதான். அதில் ஒரு பெரியவர். நாங்கள் இருவரும் பேசிக்கொள்வது உடைந்த ஜெர்மனில், நடுநடுவே மாஷா அல்லாஹ், அல்ஹம்துலில்லாஹ். ஒருநாள் அவர் சொன்னார்: “நாற்பது வருஷமாக டாக்டரிடம் போக மகள் துணை வேண்டும். பேசுவது அவள்தான். ஒரு தகப்பன் மகளை வைத்துக்கொண்டு சொல்ல முடியாத வியாதியும் உண்டல்லவா? அதைக் கடைசி வரை சொல்லவே இல்லை.”

அந்தப் பேச்சுக்குப் பிறகுதான் நான் ஒழுங்காக மாலை வகுப்பில் சேர்ந்தேன். போய் மூன்று வருஷம் கழித்து! அங்கே ஊருக்கு ஊர் “ஃபோல்க்ஸ்ஹோக்ஷூலே” என்று மக்கள் கல்விக் கூடம் இருக்கிறது. குறைந்த கட்டணத்தில் மொழி வகுப்பு நடத்துவார்கள்.

சரி, பாஷை கஷ்டமா? கஷ்டம்தான். ஆனால் நம் பிள்ளைகளுக்கு இரண்டு வசதிகள் உண்டு, அதை யாரும் அவர்களிடம் சொல்வதில்லை.

முதலாவது தமிழ். பள்ளியில் வேற்றுமை உருபு படிக்கிறோம். ஐ, ஆல், கு, இன், அது, கண். தமிழுக்கு வேற்றுமை எட்டு, ஜெர்மனுக்கு நான்குதான். ஆங்கிலம் மட்டும் பேசுகிறவர் “இந்த நாலு எதற்கு?” என்று தலையைப் பிய்த்துக்கொள்வார். நமக்கு “அவன்”, “அவனை”, “அவனுக்கு” என்பது மூச்சு விடுவது போல. அதே மாதிரி, காரணம் சொல்கிற வாக்கியத்தில் ஜெர்மனில் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். தமிழில் வினை கடைசியில்தானே நிற்கிறது! நீங்கள், நீ என்ற மரியாதை வேறுபாடும் அங்கே உண்டு. பேராசிரியரை “ஸீ” என்றுதான் அழைக்க வேண்டும், நண்பனை “டூ”. ஆங்கிலத்தை நடுவில் வைக்காமல் தமிழிலிருந்து நேரே ஜெர்மனுக்குப் போங்கள் என்பதுதான் என் அனுபவம்.

இரண்டாவது மதரஸா. இங்கே ஆலிமா வகுப்பு முடித்த ஒரு தங்கைக்கு நான் ஆன்லைனில் கொஞ்ச நாள் சொல்லிக் கொடுத்தேன். ஜெர்மனில் எல்லாப் பெயர்ச்சொல்லுக்கும் பால் உண்டு. மேசை ஆண்பால், விளக்கு பெண்பால், புத்தகம் இரண்டும் இல்லை. மற்ற மாணவர்கள் “மேசை எப்படி ஆண் ஆகும்?” என்று சண்டைக்கு வருவார்கள். அவள் அசரவே இல்லை. “அரபியிலே முதக்கர், முஅன்னஸ் மாதிரிதானே காக்கா?” என்றாள். ஷம்ஸ் அரபியில் பெண்பால், கமர் ஆண்பால். ஜெர்மனிலும் சூரியன் பெண்பால், சந்திரன் ஆண்பால்! ரஃபு, நஸ்பு, ஜர்ரு என்று நஹ்வு படித்தவளுக்கு வேற்றுமை அட்டவணையும் புதிதாக இல்லை. எண்ணிலும் அப்படியே. இருபத்தைந்தை ஜெர்மானியர் “ஐந்தும் இருபதும்” என்பார்கள். அரபியிலும் கம்ஸத்துன் வஇஷ்ரூன் தானே. ஓதிய கல்வி உலகப் படிப்புக்கு உதவாது என்று நம்மிலேயே சிலர் பேசுகிறார்கள். அவர்கள் அந்தத் தங்கையின் நோட்டைப் பார்க்க வேண்டும்.

நம் பாட்டன்மார் பினாங்கிலும் ரங்கூனிலும் கொழும்பிலும் கடை வைத்தபோது எந்த வகுப்புக்குப் போனார்கள்? வாடிக்கையாளரிடம் தப்பும் தவறுமாகப் பேசிப் பேசித்தான் கற்றார்கள். மாறாக ஒரு ஜெர்மானியர் நம் கடற்கரைக்கு வந்து தமிழ் கற்ற கதையும் உண்டு. 1706-ல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு. அவர் மதப் பணிக்காக வந்தவர், அது வேறு விஷயம். பெரிய மனிதர் திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சின்னப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து விரலால் எழுத்துப் பழகினார். நம் பட்டதாரிப் பிள்ளைகளுக்கு வராதது அந்த ஒன்றுதான். தப்பாகப் பேசினால் சிரிப்பார்களே என்ற பயம். தூதர் (ஸல்) அவர்கள் கட்டளையிட்டதும் ஜைத் பின் தாபித் (ரலி) அவர்கள் அரை மாதத்துக்குள் வேற்று மொழி எழுத்தைக் கற்றார்கள் என்று கிதாபுகளில் ஓதுகிறோம். நாம் அரை வருஷமாவது ஒதுக்க வேண்டாமா?

இப்போது கணக்கு. ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள். ஏ1 என்றால் பெயர், ஊர், கடையில் விலை கேட்பது. பி1 வந்தால் ஒரு கடிதத்தின் சாரம் புரியும், டாக்டரிடம் சொந்தமாகப் பேசலாம். ஜெர்மனிலேயே பட்டப்படிப்பு என்றால் பி2-க்கும் மேலே, சி1 அளவு வேண்டும். அதற்கு “டெஸ்ட்டாஃப்”, “டிஎஸ்ஹா” என்று தனித் தேர்வுகள் இருக்கின்றன. பி2 வரை எட்ட 45 நிமிஷப் பாட வேளைகள் 600 முதல் 800 வரை தேவை என்பது கோதே நிலையத்தின் கணக்கு. ஆகவே “மூன்றே மாதத்தில் பி2, வேலை உறுதி” என்று விளம்பரம் பார்த்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். சென்னை நுங்கம்பாக்கத்தில் கோதே நிலையம், அதாவது மாக்ஸ் முல்லர் பவன், இருக்கிறது. தேர்வை அங்கே எழுதலாம். படிப்பதற்கு அங்கேதான் போக வேண்டும் என்று இல்லை. டாய்ச்ச வெல்லே என்ற ஜெர்மன் ஒலிபரப்பு நிறுவனம் “நிக்கோஸ் வேக்” என்று ஒரு வீடியோப் பாடம் வைத்திருக்கிறது. ஏ1 முதல் பி1 வரை முழுக்க இலவசம். மொபைல் இருந்தால் போதும்.

இலவசப் படிப்பு என்பது பெரும்பாலும் உண்மைதான், ஆனால் பாதி உண்மை. அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் கிடையாது. பாடன் வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் மட்டும் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களுக்கு ஒரு செமஸ்டருக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது வாங்குகிறது. தனியார் பல்கலைக்கழகம் என்றால் கட்டணம் தனி. ஏஜென்ட் உங்களை அழைத்துப் போவது அநேகமாக அங்கேதான், கவனம். அரசுப் பல்கலைக்கழகத்துக்கு ஏஜென்ட்டே தேவையில்லை. இந்திய மாணவர்கள் ஏ.பி.எஸ். என்ற சான்றிதழை முதலில் வாங்க வேண்டும். மதிப்பெண் பட்டியல் உண்மையானதா என்று சரிபார்க்கும் ஏற்பாடு அது, 2022 நவம்பரிலிருந்து கட்டாயம்.

வாழ்க்கைச் செலவுக்கு முடக்கக் கணக்கு என்று ஒன்று காட்ட வேண்டும். ஒரு வருஷத்துக்கு 11,904 யூரோ. நம் பணத்தில் 11 லட்சத்தை ஒட்டியோ மேலேயோ வரும். இதை நிறைய வாப்பாமார்கள் கட்டணம் என்று நினைக்கிறார்கள். இல்லை. அது உங்கள் பணம்தான். பிள்ளை அங்கே போனதும் மாதம் 992 யூரோவாக அவன் கணக்குக்கு வரும். அதில் வாடகை, சாப்பாடு, மருத்துவக் காப்பீடு எல்லாம் போக வேண்டும். இதற்காக வட்டிக்கு வாங்கிய குடும்பங்களை எனக்குத் தெரியும், அந்தப் பிள்ளைகளின் தூக்கம் போன கதையும் தெரியும். ஜெர்மனியில் வசிக்கும் ஒருவர் “இவர் செலவுக்கு நான் பொறுப்பு” என்று அதிகாரிகள் முன் எழுதிக் கொடுப்பது, உதவித்தொகை என்று வேறு வழிகளும் உண்டு. ஒருவருக்கு நானும் அப்படிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். போடும்போது கை நடுங்கியது, ஏனென்றால் அது மரியாதைக்குப் போடுகிற கையெழுத்து அல்ல.

“பகுதி நேர வேலை செய்து அடைத்துவிடுவான்” என்பார்கள். வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்ய அனுமதி உண்டு. ஆனால் யார் வேலை கொடுப்பது? மொழி தெரியாதவனுக்குக் கிடைப்பது கிடங்கில் இரவுப் பெட்டி தூக்குவது. விடியற்காலை வந்து படுத்தால் சுப்ஹும் போகும், காலை வகுப்பும் போகும். மொழி தெரிந்தவனுக்குப் பல்கலைக்கழகத்திலேயே, அவன் படிப்பு சம்பந்தமான வேலை கிடைக்கிறது. படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் அங்கே தங்கலாம். அந்த 18 மாதத்தில் அழுகிறவர்களில் அதிகம் பேர், நல்ல மதிப்பெண் வைத்துக்கொண்டு ஜெர்மன் பேச வராதவர்கள்தான்.

பிளஸ் டூ முடித்தவுடனே அனுப்பலாமா என்று ஒரு தாயார் சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். நம் பிளஸ் டூ மட்டும் வைத்துக்கொண்டு பொதுவாக நேரடியாகப் பல்கலைக்கழகத்தில் சேர முடியாது. “ஷ்டூடியன்கொல்லெக்” என்று ஒரு வருஷ ஆயத்தப் படிப்பு, அதுவும் பெரும்பாலும் ஜெர்மனிலேயே. நுழைவுத் தேர்வும் ஜெர்மனில். இங்கே டிகிரியை முடித்துவிட்டு மேற்படிப்புக்கு அனுப்புவது, என் அபிப்பிராயத்தில், வயசுக்கும் நல்லது, பணத்துக்கும் நல்லது. செவிலியர் பயிற்சி என்று ஒரு வழி இருக்கிறது. மூன்று வருஷம், பயிற்சியின்போதே மாதம் 1,000 யூரோவுக்கு மேல் சம்பளம். அதற்குப் பி1 அல்லது பி2 இல்லாமல் கதவே திறக்காது. நோயாளி “வலிக்கிறது” என்பது புரியாத நர்ஸை யார் வைத்துக்கொள்வார்கள்?

பெண் பிள்ளைகளைப் பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். பல்கலைக்கழகத்தில் மாணவிகள் முக்காடு அணியத் தடை இல்லை. வேலை இடத்தில் எப்படி என்பதை ஒப்பந்தம் போடும் முன்பே எழுத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். தெருவில் முறைத்துப் பார்ப்பவர்களும் உண்டு, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். என் மனைவியிடம் டிராமில் ஒரு கிழவி ஏதோ முணுமுணுத்தார். முதல் வருஷமாக இருந்தால் அவள் வீட்டுக்கு வந்து அழுதிருப்பாள். அன்றைக்கு நல்ல ஜெர்மனில், மரியாதையாக, “என்ன சொன்னீர்கள், திரும்பச் சொல்லுங்கள்” என்றாள். கிழவி அடுத்த ஸ்டாப்பில் இறங்கிவிட்டார்.

சில்லறை விஷயங்கள் சில. வீடு மாறினால் இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும். தபால் பெட்டியில் உங்கள் பெயர் ஒட்டியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் தபால்காரர் கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். அந்த நாட்டில் எல்லாமே கடிதம்தான். இரவு பத்துக்கு மேல் சத்தம் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, சனியே அரிசி வாங்கிவிடுங்கள். டிசம்பரில் நான்கு மணி சுமாருக்கே மஃரிப், லுஹரும் அஸரும் வகுப்பு நேரத்துக்குள் அடுத்தடுத்து வந்துவிடும். ஜூன் மாத நோன்பு என்றால் வடக்கே பதினெட்டு மணி நேரத்தைத் தாண்டும். மதிப்பெண் தலைகீழ்: 1 முதல் தரம், 5 என்றால் தோல்வி. நான் “1.3” என்று போனில் சொன்னதும் என் உம்மா “இவ்வளவு குறைஞ்சு போச்சா வாப்பா?” என்று அழ ஆரம்பித்துவிட்டார்கள்.

அறக்கட்டளையிடம் ஒரு கோரிக்கை. வருஷா வருஷம் ஒரு மாணவருக்கு விமான டிக்கெட் எடுத்துத் தருகிறீர்கள். ஜஸாக்கல்லாஹு கைரன். அந்தப் பணத்தில் பத்துப் பிள்ளைகளுக்குப் பி1 தேர்வுக் கட்டணம் கட்டலாமா என்று யோசியுங்கள். கர்ழன் ஹஸனா கொடுப்பதானாலும் பி1 சான்றிதழைக் காட்டிய பிறகு கொடுங்கள். கடுமையாகத் தெரியும். சான்றிதழ் இல்லாமல் போய்த் திரும்பி வந்தவனின் வாப்பா எனக்குக் கொடுத்த டீ இன்னும் தொண்டையில் நிற்பதால் சொல்கிறேன்.

நாளை அஸர் தொழுகைக்குப் பிறகு மதரஸா மாடியில் இருப்பேன். மதிப்பெண் பட்டியலைக் கொண்டு வாருங்கள், பிள்ளையையும் கூட்டி வாருங்கள், பெற்றோர் மட்டும் வர வேண்டாம். அந்தத் தம்பியும் என்னோடு உட்காருவதாகச் சொல்லியிருக்கிறான். ஊருக்கு வந்த பிறகு தானே படித்து ஏ2 முடித்துவிட்டான், பி1 எழுதப் போகிறான். ஏன் திரும்பி வந்தாய் என்று யாரும் அவனிடம் கேட்க வேண்டாம். தேர்வு விதிகளைப் பற்றிக் கேளுங்கள். என்னைவிட அவனுக்கு நன்றாகத் தெரியும்.